தள்ளிப்போட்டதற்கு ஏழு காரணங்கள்

பாறசாலை
6 நவம்பர் 2025

அன்புள்ள தங்கப்பனுக்கு,

நம் ரத்தப் பரிசோதனை லேபின் கம்ப்யூட்டர்களைப் புதிய விண்டோஸுக்கு மாற்றாமல் நான் தள்ளிப்போட்டதற்கான காரணங்களை வரிசையாக எழுதுகிறேன். முதலில் தலைப்புகள்:

1. ஓடுகிற ஒன்றை நிறுத்தக் கூடாது. காத்திருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை.
2. ரத்தம் பார்க்கும் மெஷின் பழைய கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும்.
3. ரிப்போர்ட் மென்பொருளை எழுதிய கம்பெனி இன்று இல்லை.
4. லேபைப் பூட்டிவைக்க ஒரு நாளும் கிடையாது.
5. வீட்டுப் பெயர்கள்.
6. என் வயது.
7. இதை எழுதுவேனா என்று தெரியவில்லை. இடம் மட்டும் விட்டுவைக்கிறேன்.

ஸ்வப்னா உன்னிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். உனக்குப் போனில் காது கேட்காது என்பது ஒன்று. உன்னை வருத்தக் கூடாது என்று நினைப்பாள் என்பது இன்னொன்று. அதனால் நானே சொல்கிறேன். ஆறு நாளாக நான் வீட்டில் இருக்கிறேன். நீ போன பிறகு லேபை நடத்தும் உன் மகள் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தவறு என்னுடையது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி நம் லேபுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. டிசம்பர் 31க்குள் நம் கம்ப்யூட்டர்களைப் புதிய விண்டோஸுக்கு மாற்றி, ரிப்போர்ட்டுகள் நேராக அவர்கள் கம்ப்யூட்டருக்குப் போகும்படி செய்ய வேண்டும். இல்லையென்றால் ஜனவரி முதல் சாம்பிள் அனுப்ப மாட்டார்கள். நமக்கு வரும் சாம்பிள்களில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்பது உனக்குத் தெரியும். அது நின்றால் ஐந்து பேரில் இரண்டு பேருக்கு வேலை இருக்காது.

வெள்ளறடையிலிருந்து கம்ப்யூட்டர்காரர் ஜிஜின் மாற்றிக்கொடுக்க வந்தார். மூன்று முறை வந்தார், மூன்று முறையும் நான் திருப்பி அனுப்பினேன். முதல் முறை சர்க்கரை நோய் முகாம் இருக்கிறது என்றேன், அது உண்மை. இரண்டாம் முறை ஓணக் கூட்டம் என்றேன், அது பாதி உண்மை. மூன்றாம் முறை சொல்ல எதுவும் இல்லாததால் டாங்கிளை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பெருவிரல் அளவு கட்டை, நினைவிருக்கிறதா? அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். சோற்றுப் பாத்திரப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். எழுபத்திரண்டு வயதில் நான் எடுத்த முதல் திருட்டுப் பொருள் அது.

மறுநாள் காலை மென்பொருள் திறக்கவில்லை. பதினொரு மணிவரை எல்லோரும் தேடினார்கள். வெறும் வயிற்றோடு வந்த பன்னிரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். நானும் தேடுவதுபோல் மேஜைக்கடியில் குனிந்தேன். அதற்குமேல் முடியவில்லை, பையைத் திறந்தேன். டாங்கிளில் கொஞ்சம் சாம்பார் பட்டிருந்தது.

ஸ்வப்னா சத்தம் போடவில்லை. "மாமா, நீங்க களவெடுத்தியன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எனக்க லேபைப் பூட்டிப் போட்டது நீங்களாக்கும். கொஞ்ச நாள் வீட்டில இருங்க" என்றாள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இனி காரணங்கள்.

முதலாவதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. பழைய கம்ப்யூட்டர் பதினோரு வருடமாக ஓடுகிறது. முன்மேஜையில் உள்ள மற்ற இரண்டும் தினமும் காலையில் புதியதற்கு மாறலாமா என்று கேட்கும். நான் 'பிறகு' என்பதை அழுத்துவேன், பல் தேய்ப்பதுபோல அதுவும் ஒரு பழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ரிப்போர்ட்டை மெஷின் அறையில் இருக்கும் ஷியாமளா ஒருமுறை பார்த்து அவர்களுடைய இணையப் பக்கத்தில் திரும்ப அடித்துவிடுகிறாள். இரண்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. யாருக்கு என்ன குறை?

இரண்டும் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. மெஷினிலிருந்து வரும் தடித்த கம்பியைச் செருகப் புதிய கம்ப்யூட்டர்களில் துளையே இல்லை. மென்பொருள் புதியதில் திறக்குமா என்று கேட்கலாம் என்றால், எழுதியவர்கள் கடையைப் பூட்டிப் போய் எட்டு வருடம் ஆகிறது. அவர்களுடைய போன் எண்ணில் இப்போது ஒரு கேட்டரிங்காரர் எடுக்கிறார், நல்ல மனிதர். விருந்துச் சாப்பாடு எத்தனை பேருக்கு என்று கேட்டார்.

நான்காவது உனக்கே தெரியும். ஞாயிறன்றும் நாம் பாதிநாள் திறந்திருக்கிறோம்.

ஐந்தாவது என் குற்றம். அந்த மென்பொருளில் பெயருக்கு இங்கிலீஷில் பன்னிரண்டு எழுத்துதான் இடம். நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு தாணு, ஒரு சுகுமாரி. வீடு இருக்கும் விளையின் பெயர் சொன்னால்தான் ஆள் பிடிபடும். அதனால் வீட்டுப் பெயரை முதலில் அடித்தேன். நீளமான வீட்டுப் பெயர் என்றால் பன்னிரண்டு எழுத்தும் அதிலேயே முடிந்துவிடும், ஆளின் பெயர் விழாது. யார் யார் என்று நான் நினைவில் வைத்திருக்கிறேன். புதிய கம்ப்யூட்டருக்கு என் நினைவு எப்படித் தெரியும்?

ஆறாவதை விளக்க வேண்டாம்.

ஏழாவதற்கு விட்ட இடம் கீழே உள்ளது.



இப்படிக்கு,
தாணு

* * *

கோயம்புத்தூர்
13.11.25

எலே தாணு,

ஒனக்க கடுதாசி கிடைச்சு. நம்பர் போட்டு எழுதியிருக்கியே, பரீட்சப் பேப்பராக்கும்! எனக்கு ஒன்னப்போல எழுத்துத் தமிழ் வராது. பேசுறதை அப்பிடியே எழுதுறேன், மார்க்கு குறைச்சிராதே.

டாங்கிளில சாம்பார் பட்ட இடம் வந்ததும் நான் சிரிச்ச சிரிப்பில எனக்க மருமவ கிருஷ்ணப்ரியா அடுக்களையில இருந்து ஓடி வந்துட்டா. மாமாவுக்கு என்னவோ ஆச்சுன்னு நினைச்சா. ஸ்கூல்ல மத்தவனுக்க பென்சிலைத் தொட்டாக்கூட சாரிட்ட போய் நீயே சொல்லிருவியே மக்கா. நீயா களவெடுத்தே! நம்ப முடியல்ல. ஒரு பக்கம் பெருமையாட்டும் இருக்கு.

மூணு வாட்டி ஜிஜினைத் திருப்பி அனுப்பினியே, அவன் என்ன பொண்ணு கேட்டா வந்தான்?

ஸ்வப்னா சொன்னதைப் பொருட்படுத்தாதே. அவளுக்கு கோவம் வந்தா சத்தம் குறையும். அது அவளுக்க அம்மைக்க கோவம். சுகுமாரி என்னட்ட பிணங்கினா ரெண்டு நாள் மெதுவாட்டு பேசுவா, நான் ரெண்டு நாளும் பதுங்கிப் பதுங்கி நடப்பேன். ஒனக்குத் தெரியாதா?

இனி நான் கேக்கது. ஒனக்க ஒண்ணு முதல் ஆறு வரை எல்லாம் நல்ல காரணம். எந்தக் கடைக்காரனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான். இங்க மவன் விபினுக்க கம்பெனியிலயும் பழைய மெஷினை ஓட்டுதுக்காக ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வச்சிருக்கானுவளாம். பெரிய கம்பெனியாக்கும், அவனுவளே பயப்படுதானுவ. அதனால இதில வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா இந்த ஆறு காரணத்துக்காக ஒரு மனுசன் டாங்கிளைப் பையில போட்டுக்கிட்டுப் போவானா? நீ போவியா?

அந்த ஏழாவதை எழுது. இடம் விட்டிருக்கேன்னு வெள்ளைத்தாளை அனுப்பி வச்சிருக்கே, நான் அதைத் திருப்பித் திருப்பிப் பாக்குறேன்.

இன்னொண்ணு. கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். எனக்க காது போனபிறகு தைரியம் கூடிப் போச்சு. நான் இங்க வந்து ரெண்டு வருசம். அதுக்கு முன்ன ஒம்பது வருசம் நீ ஞாயிற்றுக்கிழமை எனக்க வீட்டுக்கு வராம நின்னது எதுக்கு? அதுவரை ஒரு ஞாயிறு முடங்கினதில்ல. சுகுமாரி போன பெறவு ஒரு நாளும் வரல்ல. லேபில பாப்போம், சிரிப்போம், நீ குடை எடுத்துக்கிட்டு போயிருவே. மரிச்ச வீட்டுக்கு வர ஒனக்குப் பயம்னு முதல்ல நினைச்சேன். பெறவு வேற நினைச்சேன். அதை எழுத மாட்டேன். நீ முதல்ல எழுது.

தங்கப்பன்

* * *

பாறசாலை
19 நவம்பர் 2025

அன்புள்ள தங்கப்பனுக்கு,

உன் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அது உனக்குத் தெரியாது என்பதால்தான் இத்தனை நாள் என்னால் உன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது. இந்தக் கடிதத்துக்குப் பிறகு நீ எனக்கு எழுதாமல் போகலாம். அது நியாயமாகவும் இருக்கும்.

ஏழாவது காரணம்.

2014 ஏப்ரலில் நாம் கடைசியாகக் கம்ப்யூட்டரை மாற்றினோம். திருவனந்தபுரத்திலிருந்து ஆள் வந்தார். விபினின் நிச்சயதார்த்தம் அந்த வாரம்தான், புதன்கிழமை, உன் வீட்டில். ஒரு வாரம் தள்ளலாமா என்று கேட்டேன். "அந்த ஆளு பின்ன கிடைக்க மாட்டான் தாணு, இப்ப செய்யட்டு" என்று நீ சொன்னாய். நீ சொன்னதில் தவறில்லை.

21 ஏப்ரல், திங்கள். காலையில் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றினார்கள். புதியதும் மெஷினும் ஒன்றோடொன்று பேசவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்றார்கள். மெஷின் தனியாக ஓடியது, அதன் வாயிலிருந்து வரும் சிறு சீட்டில் எண்கள் விழுந்தன. அவசரம் என்று எழுதி வந்தவர்களின் சீட்டை மட்டும் கையால் எழுதிக் கொடுத்தோம். மற்றவற்றைக் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியதும் ஏற்றலாம் என்று ஒரு உறையில் போட்டேன். அந்த முடிவு நான் எடுத்தது. யாரையும் கேட்கவில்லை.

அன்று பத்தரைக்கு சுகுமாரி வந்தாள். கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. "நிச்சயத்துக்கு ஓடி நடந்ததாக்கும் அண்ணா, சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்றாள். அவசரம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் வீட்டு ஆள்தானே என்று அவள் சீட்டையும் உறையில் போட்டேன்.

செவ்வாயும் சரியாகவில்லை. புதன் நிச்சயம். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, பாயசம் நன்றாக இருக்கிறது என்று சுகுமாரியிடமே சொன்னேன். உறை என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

24 ஏப்ரல், வியாழன், பகல் பதினொன்றரைக்குக் கம்ப்யூட்டர் ஓடியது. சீட்டுகளை வரிசையாக ஏற்றினேன். சுகுமாரியுடையது பதினான்காவது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 7.8. ஒன்றைத் தாண்டினாலே நாம் சிவப்பில் கோடு போடுவோம். எழுந்து உன் வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. காலையிலேயே மூச்சுத் திணறித் திருவனந்தபுரம் கொண்டுபோய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மே மூன்றாம் தேதி அவள் போனாள்.

அந்தச் சீட்டு திங்களன்று மாலையே உன் கைக்கு வந்திருந்தால் நீ திங்களன்றே கொண்டுபோயிருப்பாய். மூன்று நாள். அது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. பெயர் சொல்லாமல் ஒரு டாக்டரிடம் கேட்டேன். "மூணு நாள் சில நேரம் காரியம்தான்" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

புதிய விண்டோஸ் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த உறைதான் கண்ணில் தெரியும். ஜிஜின் பையைத் திறந்தபோதெல்லாம் பெஞ்சில் இருப்பவர்களின் காலைப் பார்த்தேன், வீங்கியிருக்கிறதா என்று. இதை ஸ்வப்னாவிடம் எப்படிச் சொல்வது? அவள் அம்மா அல்லவா?

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வந்தால் சுகுமாரியின் படத்துக்கு எதிரே உள்ள நாற்காலியில்தான் நான் உட்கார வேண்டும். அதற்காகத்தான் வரவில்லை.

வேறு எழுத ஒன்றுமில்லை. இதில் ஏதாவது தேதி தவறாக இருந்தால் திருத்தவும்.

தாணு

* * *

கோயம்புத்தூர்
25.11.25

எலே மடையா,

நீ இப்ப இஞ்ச இருந்தா ஒன்ன அடிச்சிருப்பேன். பெறவு கெட்டிப் பிடிச்சிருப்பேன். எது முதல்லன்னு சொல்ல முடியாது.

தேதி எல்லாம் சரியாக்கும். தேதியைத் தவிர எதுவும் சரியில்ல.

நல்லா வாசி. ரெண்டு வாட்டி வாசி.

அந்தத் திங்களாழ்ச்ச மெஷின் முன்ன நின்னது யாரு? ஷியாமளா. நீ சீட்டை உறையில போடதுக்கு முன்ன அதைப் பாத்தது அவளாக்கும். உனக்கிட்டக் குடுத்துட்டு, நம்பரை ஒரு காலண்டர் தாளில எழுதிக்கிட்டு, சோலி முடிஞ்சு நேரா எனக்க வீட்டுக்குப் போனா. நான் பந்தல்காரனைப் பாக்கப் போயிருந்தேன். சுகுமாரிட்ட சொன்னா, "சேச்சி, இது கொள்ளாது, இப்பளே ஆஸ்பத்திரிக்குப் போணும்"னு. கால் பிடிக்காத குறையாட்டு சொன்னாளாம்.

சுகுமாரி என்ன சொன்னா தெரியுமா? "புதனாழ்ச்ச கழியட்டு மக்களே. இப்ப நான் போய்ப் படுத்தா நிச்சயம் நின்னு போவும். அந்தப் பெண்ணுக்கு ராசியில்லன்னு நாட்டுக்காரனுவ சொல்லுவானுவ. அவ நம்ம வீட்டுக்கு வரப்போற பிள்ள. வந்து ஏறதுக்கு முன்ன அவளுக்கு அந்தப் பேரு வேண்டாம்." ஷியாமளாவைப் பிடிச்சு சத்தியம் வாங்கினா, யார்ட்டயும் சொல்லப்பிடாதுன்னு.

இதெல்லாம் சுகுமாரி எனக்கு ஆஸ்பத்திரியில வச்சு சொன்னது. மூக்கில குழாய் இருக்கும்போ சொன்னா. சொல்லிட்டு, "கோவிக்கப்பிடாது, நல்லா நடந்துது பாத்தியளா"ன்னு கேட்டா. நல்லா நடந்துதுன்னு சொன்னேன்.

அப்பம் கேளு மக்கா. அந்தச் சீட்டை நீ உறையில வச்சிருந்தாலும், வெள்ளித்தட்டில வச்சு அவ கையில குடுத்திருந்தாலும், அவ புதனாழ்ச்சதான் நினைச்சிருப்பா. அவளுக்கு நம்பர் தெரியும். உனக்குத்தான் தெரியல்ல.

நான் ஏன் இதை ஒருத்தர்ட்டயும் சொல்லல்லன்னு கேப்பே. யாருக்காக அவ சாவப் பாத்துக்கிட்டு பாயசம் விளம்பினாளோ, அந்தப் பிள்ள கிருஷ்ணப்ரியா இப்ப எனக்கு சோறு போடுறா. காது கேக்காத கிழவனுக்கு சீரியல்ல என்ன நடக்குன்னு தாளில எழுதிக் காட்டுறா. அவ இதை அறிஞ்சா சோறு இறங்குமா அவளுக்கு? ஸ்வப்னாவுக்கும் தெரியாது, விபினுக்கும் தெரியாது. ஷியாமளா அந்த சத்தியத்தை இன்னும் வச்சுக்கிட்டிருக்கா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. நீ இதைக் கீறிப் போடு. ஒரு துண்டும் இருக்கப்பிடாது.

இனி நான் நினைச்சது. நீ வராம நின்னப்போ, இவனுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். கூடக் கிடக்க பெண்டாட்டிக்க கால் வீங்கினது தெரியாம பந்தல்காரன் பின்னால நடந்தவன் வீட்டில எப்படி இருக்கதுன்னு நினைச்சு நீ வரலேன்னு நினைச்சேன். ஒம்பது வருசம் ஞாயிற்றுக்கிழமை காலையில நான் ரெண்டு டம்ளரு எடுத்து வச்சு ஒண்ணைத் திருப்பி வச்சிருக்கேன்.

நாம ரெண்டு பேரும் படிச்ச முட்டாளுவளாக்கும். நீ கூடுதல் படிச்சவன்.

போ. போய் ஸ்வப்னாட்ட பேசு. அவளுக்கு ஒரு காரணமும் சொல்லாண்டாம், ஏழாவதைச் சொல்லவே வேண்டாம். எனக்கு அந்த வீட்டுப் பேருதான் பயமாட்டு இருக்கு. ஒனக்க மண்டைக்குள்ள இருக்கதை இறக்கி வை.

தங்கப்பன்

* * *

பாறசாலை
8 டிசம்பர் 2025

அன்புள்ள தங்கப்பனுக்கு,

கிழித்துவிட்டேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னாய், ஐந்து முறை வாசித்த பிறகு கிழித்தேன். அன்று வேறு எதுவும் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. சுகுமாரியிடம் பாயசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேனே, அப்போது அவள் "இன்னும் கொஞ்சம் விடட்டா அண்ணா?" என்று கேட்டாள். இத்தனை வருடம் அதை நினைக்க நான் அஞ்சினேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள் லேபுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே போகலாமா என்று நின்றேன். ஸ்வப்னா கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"என்ன மாமா, வாசலில நிக்கியது? சர்க்கரை பாக்க வந்தியளா?"

"இல்ல மக்களே. மாத்திக் குடுக்க வந்தேன்."

"என்னத்தை மாத்த?"

"கம்ப்யூட்டரை. நான் கூட இருந்தா நல்லதுன்னு... அவசியம்னு சொல்லல்ல. ஒரு அபிப்பிராயம்."

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். பிறகு, "பையைக் காட்டுங்க பாப்போம்" என்றாள். நான் பையைத் திறந்து காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ஏன் சிரிக்கிறாள் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

நான் இல்லாத நாட்களில் ஜிஜின் ஒருமுறை சோதனைக்காகப் பழைய பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிப் பார்த்திருக்கிறார். ஒரே பெயர் உள்ளவர்களை அது ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டது. அவர் என்னை உட்காரவைத்து, திரையைக் காட்டி, மரியாதையாகத்தான் கேட்டார்.

"அண்ணாச்சி, மேலேவிளாகம்னு ஒரு ஆளு உண்டு. ஆரு இது?"

"அது வீடாக்கும்."

"வீடா? இந்த வீட்டுக்கு எட்டு வயசும் எண்பது வயசும் உண்டு. மார்ச்சில கர்ப்பம், ஏப்ரல்ல புரோஸ்டேட்டு!"

ஷியாமளா மெஷின் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்த வீட்டில எல்லாம் நடக்கும் ஜிஜினே" என்றாள்.

இதில் சிரிப்பதற்கு மட்டும் இல்லை என்பதை நான் அவர்களிடம் சொன்னேன். அந்த வீட்டில் மருமகளுக்கு ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை உண்டு. அவளுடைய எண்ணைப் பார்த்து மாமனாருக்கு யாராவது மாத்திரை எழுதினால் என்ன ஆகும்? ஜிஜின் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஸ்வப்னா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள்.

மொத்தம் 312 பதிவுகள் அப்படி வீட்டுப் பெயரோடு மட்டும் இருந்தன. வயது, ஆணா பெண்ணா, என்ன பரிசோதனை, எந்தத் தேதி, இவற்றை வைத்து நான் பெயர் சொல்லச் சொல்ல ஜிஜின் அடித்தார். நான்கு நாள் ஆயிற்று. 259 பேரை நினைவிலிருந்து சொன்னேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். 42 பேருக்குப் போன் செய்தோம். "எனக்க பேரா? பிச்சம்மாள்னு சொன்னா ஆருக்கும் தெரியாது, புளியறவிளைன்னே போடுங்க" என்று ஒரு அம்மாள் சண்டை பிடித்தார். மீதி பதினொன்று யாரென்று தெரியவில்லை. அவற்றை யாரோடும் சேர்க்காமல், 'தெரியவில்லை' என்று தனியாக வைக்கச் சொன்னேன். ஜிஜின் ஒருவாறு யூகித்துப் போடலாமா என்றார். யூகித்து எதையும் போட வேண்டாம் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

மாற்றும் நாள் 28 டிசம்பர், ஞாயிறு. அன்று முழுநாள் பூட்ட ஸ்வப்னா ஒப்புக்கொண்டாள். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். மெஷினிலிருந்து வரும் எந்தச் சீட்டும், இனி எந்த நாளானாலும், அன்றே மாலைக்குள் ஆளின் கைக்குப் போயாக வேண்டும், கம்ப்யூட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும். "அது எதுக்கு மாமா இவ்வளவு கண்டிப்பு?" என்று கேட்டாள். எனக்கு ஒரு பழக்கம் என்றேன்.

தாணு

* * *

கோயம்புத்தூர்
15.12.25

எலே தாணு,

கர்வம் வந்துதுன்னு எழுதியிருக்கே. தேதி போட்டு எழுதி வை, இனி எப்ப வருமோ.

ஸ்வப்னா விபினுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தா. கிருஷ்ணப்ரியா எனக்கு வாசிக்கத் தந்தா. "தாணு மாமா இல்லேன்னா நாங்க ஊருக்க ரத்தத்தை எல்லாம் கலக்கியிருப்போம்"னு. உனக்கிட்ட அவ இதைச் சொல்ல மாட்டா. அதான் நான் சொல்லுறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருப்பு கொள்ளாது. கழிஞ்சதும் எழுது. ஒனக்க ஏழில எது நின்னுது எது விழுந்துதுன்னு எனக்குத் தெரியணும்.

பொங்கல் கழிஞ்சு வாறேன். ஒரு மாசம் நிப்பேன். ஞாயிற்றுக்கிழமை நாலு வரும், எண்ணிப் பாத்தேன்.

தங்கப்பன்

* * *

பாறசாலை
2 ஜனவரி 2026

அன்புள்ள தங்கப்பனுக்கு,

மாற்றியாகிவிட்டது. ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை ஆறரைக்கு முடித்தோம். நடுவில் இரண்டு மணி நேரம் மெஷினும் கம்ப்யூட்டரும் பேசவில்லை. நான் வெளியே போய் நெடுஞ்சாலையில் வண்டிகளை எண்ணினேன். ஸ்வப்னா பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து தந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றாள். உள்ளே "அண்ணாச்சி, வந்துட்டு!" என்று ஜிஜின் கத்தினார். போய்ப் பார்த்தபோது திரையில் முதல் ரிப்போர்ட் இருந்தது. வீட்டுப் பெயருக்குத் தனி இடம், ஆள் பெயருக்குத் தனி இடம். ஆஸ்பத்திரிக்கும் அது அப்போதே போய்விட்டது. அவர்கள் கிடைத்ததாகப் பதில் அனுப்பினார்கள், 31ஆம் தேதி வரை மட்டும் ஒத்துப்பார்க்கப் பழையபடியும் அடிக்கச் சொன்னார்கள். யாருடைய வேலையும் போகவில்லை. ஸ்வப்னா என்னிடம், "நாளைக்கு எட்டரைக்கு வந்துருங்க மாமா, பையில சோறு மட்டும் போதும்" என்றாள்.

நீ கேட்டபடி என் காரணங்களைச் சரிபார்த்தேன்.

இரண்டாவது பாதி சரி. கம்பிக்குத் துளை இல்லைதான். ஜிஜின் நடுவில் ஒரு சிறு பெட்டி வைத்து இரண்டையும் இணைத்துவிட்டார். மூன்றாவது சரி, அதனால்தான் மென்பொருளையே மாற்ற வேண்டியிருந்தது. நான்காவது, பூட்டினால் பூட்டலாம். ஐந்தாவது சரி. அது சரியானதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆறாவது இன்னும் தீர்மானமாகவில்லை. புதியதில் பொத்தான் எங்கே என்று நான் ஒரு நாளில் நாற்பது முறை கேட்கிறேன், ஷியாமளா நாற்பது முறையும் சொல்கிறாள். ஏழாவதைப் பற்றி இனி நாம் எழுத வேண்டாம். நீ வரும்போது, அந்த நாற்காலியில் உட்காருகிறேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, நேற்று மாலை ஐந்து பத்துக்கு வழக்கம்போல் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்து நின்றேன். சாலைக்கு எதிர்ப்புறம், ஒற்றசேகரமங்கலம் போகும் பஸ் நிற்கும் இடத்தில், ஷியாமளா நின்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உடம்பு சரியில்லையோ என்று நினைத்து, "என்ன, நேரத்தே இறங்கிட்டே?" என்று இங்கிருந்தே கேட்டேன்.

"நேரத்தேயா? இதுதானே அண்ணாச்சி சோலி முடியற நேரம்!" என்று அவள் அங்கிருந்து கத்தினாள். "இந்த அஞ்சேகால் பஸ்ஸுக்க நிறம் எனக்கு மறந்து போச்சு. ரெண்டு வருசமாச்சு பாத்து!"

நான் சாலையைக் கடந்து போய்க் கேட்டேன். இத்தனை நாளும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளை அவள் திரையைப் பார்த்துப் பார்த்து இரண்டாம் முறை அடித்து முடிக்க ஏழு மணி ஆகுமாம். ஏழரைக்கு ஒரு பஸ் உண்டு, அது அவள் ஊர் வரை போகாது. கடைசி மூன்று கிலோமீட்டர் நடப்பாளாம். அவள் மகள் சானு ஏழாம் வகுப்பு. அதுவரை பக்கத்து வீட்டில் இருந்து பாடம் எழுதுவாளாம். "ஏன் ஒரு நாளும் சொல்லல்ல?" என்று கேட்டேன். "ஆருட்ட சொல்ல? நீங்க அஞ்சு பத்துக்குப் போயிருவியளே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நேரத்தைச் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்ததைக் கையைக் காட்டிச் சொன்னாள்.

என் பஸ்ஸை நான் விட்டுவிட்டேன். அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் நின்றேன். அப்போது யோசித்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தங்கப்பா, என் முதல் காரணம் தவறு. காத்திருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நவம்பரில் எழுதினேன். நம்பித்தான் எழுதினேன். என் முதல் கடிதம் உன்னிடம் இருந்தால், அந்த வரியை உன் கையால் அடித்துவிடு.

உன்
தாணு